பழைய கார் ஏ.சி.: கேஸ் போடுவதா, கம்ப்ரசரை மாற்றுவதா, ஃபேனைப் பார்ப்பதா?

ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் காட்டினேன். மூன்று பதில்கள் கிடைத்தன. தாம்பரத்தில் வீட்டருகே இருக்கும் மெக்கானிக், கேஸ் குறைந்துவிட்டது, 1,500 ரூபாய்க்கு டாப்-அப் செய்தால் போதும் என்றார். கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் போய்விட்டது என்று 24,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் அச்சடித்துக் கொடுத்தார்கள். குரோம்பேட்டையில் கார் ஏ.சி. வேலை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: “எப்போது குளிர் குறைகிறது, தம்பி? ஓடும்போதா, நிற்கும்போதா?”

என் கார் 2010 மாடல், சிறிய ஹேட்ச்பேக். ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. விற்றால் ஒன்றேகால் லட்சம் வந்தால் பெரிது. அதற்கு 24,000 ரூபாயில் கம்ப்ரசர் என்றால் யாருக்கும் கை தயங்கும். 1,500 ரூபாய் என்றால் யோசிக்காமல் தலையாட்டத் தோன்றும். பழைய கார் வைத்திருக்கும் நாம் பெரும்பாலும் இப்படித்தான் முடிவெடுக்கிறோம். மலிவானதில் தொடங்குவது, சரியாகவில்லை என்றால் அடுத்ததற்கு ஏறுவது. விலையை வைத்து வரிசை போட்டால் டாப்-அப் முதலில் வரும். கோளாறை வைத்து வரிசை போட்டால் அது கடைசிக்குப் போய்விடும் என்பது என் கட்சி.

பாயின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வரை குளிர் நன்றாகவே இருக்கும். விடுமுறை நாள் கூட்டத்தில் பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் ஐந்தே நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகிவிடும். வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் மறுபடி குளிரும். இதைக் கேட்டதும் அவர் கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜ் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மேசையிலிருந்த செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து எடுத்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. முழு வேகத்தில் இருந்தது. அவர் பாதித் தாளை முன்பக்கக் கிரில்லில் ரேடியேட்டர் ஃபேன் இருக்கும் பக்கம் வைத்துக் கையை எடுத்தார். தாள் அப்பிக்கொண்டு நின்றது. அதையே ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரின் ஃபேன் பக்கம் வைத்தார். ஒரு கணம் ஒட்டினாற்போல் இருந்து, வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. ஃபேன் சுற்றுகிறதே என்றேன். “சுற்றுகிறது தம்பி, இழுக்கவில்லை” என்றார்.

பிறகு ஒரு பையன் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். டாஷ்போர்டில் காற்று வரும் நடு வென்டில் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகியிருந்தோம். 19 டிகிரி காட்டியது. கண்டன்சர்மேல் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற எண் இறங்கியது. மூன்று நிமிடத்தில் 12. அதற்குப் பிறகுதான் கேஜை மாட்டினார். தண்ணீர் காய்ந்து பழைய நிலைக்கு வந்தபோது உயர் அழுத்தப் பக்கம் (கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) 310 பி.எஸ்.ஐ., தாழ் அழுத்தப் பக்கம் (கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பக்கம்) 55. மறுபடி தண்ணீர் ஊற்றியதும் 210, 35.

இதில் என்ன நடக்கிறது என்பது எளிது. காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவது முன்பக்கம் இருக்கும் கண்டன்சர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன் மட்டுமே கதி. அது சோர்ந்துபோனால் வெப்பம் வெளியேறாது. கேஸ் திரவமாக மாறாது. அழுத்தம் ஏறும், குளிர் இறங்கும். கேஸ் உண்மையில் குறைந்திருந்தால் நெடுஞ்சாலையிலும் குளிர் குன்றியிருக்கும், உயர் அழுத்தமும் தாழ்ந்திருக்கும். கம்ப்ரசர் செத்திருந்தால் 310 வரை அழுத்தத்தை ஏற்றவே அதனால் முடியாது. சர்வீஸ் சென்டரில் தாழ் அழுத்தம் 55-இல் நின்றதை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். இந்த நிலையில் அந்த 1,500 ரூபாய் கேஸைப் போட்டிருந்தால் ஏற்கெனவே திணறும் கண்டன்சருக்கு இன்னும் சுமை ஏறி, குளிர் மேலும் குறைந்திருக்கும். மலிவான வழி என்று நினைத்தது கெடுக்கிற வழியாக இருந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேய்ந்த கம்ப்ரசரும் நிற்கும்போது சோர்ந்து, ஓடும்போது சமாளிக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வண்டி நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து என்ஜினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் குளிர் திரும்புகிறதா? திரும்பினால் சந்தேகம் கம்ப்ரசர்மேல். தண்ணீர் ஊற்றினால் திரும்புகிறதா? திரும்பினால் கண்டன்சர்மேலும் ஃபேன்மேலும். என் காரில் மிதித்ததில் பலனில்லை. தண்ணீர்தான் வேலை செய்தது.

காற்று குறைவா, குளிர் குறைவா?

எந்தக் கடைக்குப் போவதற்கு முன்பும் வீட்டு வாசலில் நாமே பிரித்துப் பார்க்க வேண்டியது இது. வென்டில் வரும் காற்று சில்லென்று இருக்கிறது, ஆனால் போதுமான வேகத்தில் வரவில்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய சிறு கார்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது. பதினைந்து வருடத் தூசு நேராக, டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் போய்ப் படிந்து கம்பளிபோல ஆகியிருக்கும். காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் தேய்ந்திருக்கலாம். இவை எதுவும் கேஜில் தெரியாது.

முதல் அரை மணி நேரம் பிரமாதமாகக் குளிர்ந்து, பிறகு காற்றே நின்றுபோய், ஏ.சி. பட்டனை அணைத்துப் பத்து நிமிடம் புளோயரை மட்டும் ஓடவிட்டால் மறுபடி வருகிறதா? கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடிக்கிறது. காயிலின் வெப்பநிலையைப் பார்த்துக் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சார் தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது அழுக்கு காற்றை மறிக்கிறது. சென்சார் விலை அதிகமில்லை. இந்த அறிகுறியோடு போய்க் கேஸ் நிரப்பிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

காலையில் வண்டி எடுத்ததும் குளிர்ந்து, என்ஜின் சூடேறச் சூடேற வென்ட் காற்றும் சூடேறினால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். சென்னையில் ஹீட்டர் குமிழை யாரும் தொடுவதில்லை என்பதாலேயே அதன் கேபிள் துருப்பிடித்து நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் தடுப்புப் பலகையின் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஏ.சி. குளிர்விக்க, மறுபக்கம் ஹீட்டர் கசிந்து சூடாக்கும். ஹீட்டருக்குப் போகும் சுடுநீர்க் குழாயைத் தற்காலிகமாக இறுக்கி அடைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு குளிர் திடீரென்று முழுவதுமாக நின்று, சற்று ஆறியதும் தானே திரும்பினால் கம்ப்ரசரின் முன்பக்கம் இருந்து அதை என்ஜினோடு இணைத்துவிடும் காந்தக் கிளட்ச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடங்கள் போகப் போகக் கிளட்ச் தட்டு தேய்ந்து இடைவெளி கூடிவிடும். பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி அது. கூடிவிட்டால், சூட்டில் வலு குறைந்த காந்தத்தால் தட்டை இழுக்க முடியாது. பல கம்ப்ரசர்களில் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இதற்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வதும் நடக்கிறது.

டாப்-அப்பா, முழுதாக எடுத்து நிரப்புவதா?

கேஸ் உண்மையாகவே குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை டிக் டிக் என்று ஒட்டி விலகுகிறது. கேஜில் இரண்டு முள்ளும் தாழ்ந்திருக்கின்றன. இப்போது இரண்டு வழிகள். இருக்கும் கேஸின்மேல் கொஞ்சம் சேர்ப்பது. அல்லது இருப்பதை இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து, கசிவு பார்த்து, அடைத்து, வேக்கம் போட்டு (உள்ளே வெற்றிடமாக்கி), எடை பார்த்துப் புதிதாக நிரப்புவது. என்னிடம் முதலாவதற்கு 1,500 கேட்டார்கள், இரண்டாவதற்கு 3,500.

டாப்-அப்பின் சிக்கல் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. சமையல் கேஸ் சிலிண்டர் பாதி இருக்கும்போதும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். ஏ.சி. கேஸும் அப்படித்தான். ஆர்-134ஏ கேஸ், உள்ளே சிறிதளவு திரவமாக இருக்கும் வரை, 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும். நிறைய இருந்தாலும் அதுதான், கால்வாசி இருந்தாலும் அதுதான். என்ஜின் நின்ற நிலையில் கேஜைப் பார்த்து “முக்கால் இருக்கிறது” என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓடும்போது வரும் அழுத்தமும் வெயில், ஃபேன், என்ஜின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறுவது. சிறிய கார்களுக்கு மொத்தமே 400, 500 கிராம் அளவுதான் கேஸ். சரியான எண் பானெட்டின் கீழே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதில் 80 கிராம் கூடினாலோ குறைந்தாலோ குளிரில் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் டாப்-அப்பில் அந்தத் துல்லியம் கிடைக்காது.

என் மைத்துனர் கொட்டிவாக்கத்தில் இருக்கிறார், கடலுக்கு அருகே. ஒரே வருடத்தில் மூன்று முறை டாப்-அப் செய்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் குளிர்ந்தது, பிறகு பழைய கதை. நாலாவது முறை பாயிடம் கூட்டிப்போனேன். அவர் டார்ச்சை அடித்துக் கண்டன்சரின் கீழ் மூலையைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் செம்மண் தூசு அப்பியிருந்தது. கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுவதால் கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். கசிவைக் கண்ணால் பிடிக்க இதைவிட நல்ல தடயம் இல்லை. உப்புக்காற்றில் அலுமினியம் அரித்திருந்தது. மூன்று டாப்-அப்புக்குச் செலவழித்த 4,500 ரூபாயில் புதிய கண்டன்சரே வாங்கியிருக்கலாம். போதாததற்கு, கசிந்த எண்ணெயை யாரும் ஈடுசெய்யவில்லை. கேஸ் மட்டும் சேர்ந்துகொண்டே போய் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தால் அடுத்த செலவு கம்ப்ரசர்தான்.

பத்துப் பதினைந்து வருடக் காரில் ரப்பர் குழாய்கள், ஷாஃப்ட் சீல் வழியாக மிக மெதுவாகக் கொஞ்சம் கேஸ் கசிவது இயல்பு. நாலைந்து வருடமாகத் தொடவே தொடாத வண்டியில் குளிர் சற்றே குறைந்திருக்கிறது, பிசுக்கு எங்கும் இல்லை என்றால் டாப்-அப்பைக் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் முழுதாக எடுத்து எடை பார்த்து நிரப்புவதற்கே என் ஓட்டு. உள்ளே எத்தனை கிராம் இருந்தது என்று இயந்திரம் சொல்லிவிடும். அந்த ஒரு எண்ணுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம்.

வேக்கம் போடுவதில் ஒரு நுணுக்கம். அது உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் எடுப்பதற்கு. அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஈரம் தங்கினால், கூலிங் காயிலுக்குக் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தில் உறைந்து அடைக்கும். குளிர் வந்து வந்து போகும், தாழ் அழுத்த முள் பூஜ்யத்துக்குக் கீழே சரிந்து மீளும். போட்ட வேக்கம் இறங்காமல் அப்படியே நின்றால் கசிவு இல்லை என்று சிலர் சொல்வார்கள். வேக்கத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது 15 பி.எஸ்.ஐ. அளவுதான், ஓடும்போது உள்ளிருந்து தள்ளுவது 200-க்கும் மேல். அதனால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்கும் கடைதான் நம்பத் தகுந்தது. கசிவை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதை உள்ளே விட அனுமதிக்காதீர்கள். அது கசிவை அடைக்கிறதோ இல்லையோ, வால்வை அடைக்கும். மலிவாகக் கிடைக்கும் எரியக்கூடிய கலவைக் கேஸ்களுக்கும் இதே பதில்: கூலிங் காயில் இருப்பது நம் முழங்காலுக்கு முன்னால்.

கம்ப்ரசர் என்று உறுதியானால்

தாழ் அழுத்தம் உயர்ந்தும் உயர் அழுத்தம் தாழ்ந்தும், இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நோக்கி வந்து நின்றால், மிதித்தாலும் பிரியாவிட்டால், அது கம்ப்ரசர். இங்கே புதியது, ரீகண்டிஷன் செய்தது, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது என்று மூன்று வழிகள்.

புதுப்பேட்டையைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. என் காரின் ஒரு கதவு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கம்ப்ரசரை அங்கே வாங்க மாட்டேன். கம்ப்ரசர் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. குழாய் வாய்கள் மூடாமல் மாதக்கணக்கில் கம்பியில் தொங்கிய கம்ப்ரசரின் உள்ளே என்ன நிலை என்று விற்பவருக்கும் தெரியாது. வாய்கள் மூடி, ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து எடுத்ததை நம் கண்முன் காட்டினால் யோசிக்கலாம். எனக்குச் சொன்ன விலை 4,000. ரீகண்டிஷனுக்கு 8,000, ஆறு மாத உத்தரவாதத்துடன். இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்கப்போகும் காருக்கு ரீகண்டிஷன்தான் பொருந்தும். அதற்கு மேல் வைத்துக்கொள்வதாக இருந்தால் புதியது.

இதைவிட முக்கியமான கேள்வி, பழைய கம்ப்ரசர் எப்படிச் செத்தது என்பது. தேய்ந்து சோர்ந்ததா, உள்ளே உடைந்து பொடியானதா? குழாயைக் கழற்றி விரலால் தொட்டால் எண்ணெய் கறுப்பாக, மினுமினுக்கும் உலோகத் தூளோடு வந்தால் அந்தத் தூள் கண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், வால்வு எல்லாவற்றுக்கும் பரவியிருக்கும். இன்றைய கண்டன்சர்களின் முடி போன்ற துவாரங்களை எதை விட்டுக் கழுவினாலும் முழுதாகச் சுத்தமாகாது. அந்த நிலையில் புதிய கம்ப்ரசர் மட்டும் மாட்டினால் அதையும் அதே தூள் தின்றுவிடும். கம்ப்ரசரின் விலையை மட்டும் வைத்து எஸ்டிமேட்டுகளை ஒப்பிடுவது இங்கேதான் ஏமாற்றும். டிரையர், வால்வு, கண்டன்சர் எல்லாம் சேர்த்த தொகையைக் கேளுங்கள். அது காரின் விலையில் மூன்றில் ஒன்றைத் தொட்டால் ஏ.சி. இல்லாமலே விற்றுவிடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூலிங் காயில் கசிந்தால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். பொருளைவிடக் கூலி அதிகம். எனவே திறக்கும்போதே எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுவது நல்லது. திறந்து மூடிய டாஷ்போர்டு பிறகு கிறீச்சிடும், அதற்கு மருந்தில்லை.

சர்வீஸ் சென்டரா, தனிக் கடையா என்பதில் நான் தனிக் கடைப் பக்கம், ஒரு நிபந்தனையோடு: எடை பார்க்கும் இயந்திரம் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் அந்த இயந்திரம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஒரு ஃபேன் மோட்டாரைச் சந்தேகிக்க நேரம் ஒதுக்க அங்கே யாருக்கும் ஓய்வில்லை. பழுது என்ன என்று தெரிந்த பிறகு பொருளை மாற்ற அவர்களிடம் போகலாம். என்ன பழுது என்று கேட்பதற்கு அல்ல.

என் காருக்கு ஆனது: ஃபேன் மோட்டார் 2,200, கூலி 600. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தலையணைப் பஞ்சுபோல அடைந்திருந்த தூசையும் பூச்சிச் சிறகுகளையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவினார்கள். அழுத்தம் கூடிய வாட்டர் வாஷ் துப்பாக்கியைப் பாய் கிட்டே வரவிடவில்லை. மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம். கேஸில் கை வைக்கவில்லை. பில்லின் பின்பக்கம் தேதியும், வெயில் 38 டிகிரியும், ஐட்லிங்கில் 215-36 என்ற இரண்டு அழுத்தங்களும், வென்ட் 11 டிகிரி என்பதும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது கிளவ் பாக்ஸில், ஆர்.சி. புத்தகத்துக்குள் இருக்கிறது. அடுத்த முறை எந்தக் கடையில் கேஜை மாட்டினாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டப்போகிறேன்.